பட்டறைப் பதில்கள்: மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். வேலைக்கு வாங்கும் லாரியில் கியரை நாம் மாற்றுவதா, அது தானே மாற்றிக்கொள்வதா? கார்க்காரர்களின் கடிதங்கள் அடுத்த இதழ் வரை காத்திருக்கட்டும். சுமை ஏற்றிப் பிழைப்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கட்டுமானப் பொருள்களை வேலை நடக்கும் இடங்களுக்குக் கொண்டுபோய் இறக்கும் தொழில் செய்கிறேன். சுமையோடு சேர்த்து 12 டன் வரும் லாரி. இதுவரை வைத்திருந்தவை எல்லாம் மேனுவல். புதிதாக ஒன்று வாங்க வேண்டும். மகன் ஆட்டோமேட்டிக் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். என்னோடு தொழில் செய்பவர்களோ, ‘அதெல்லாம் கார் ஓட்டுகிறவர்களுக்கு, சுமை வண்டிக்கு ஆகாது, என்ஜின் சக்தியில் பாதியைத் தின்றுவிடும்’ என்று பயமுறுத்துகிறார்கள். யாரை நம்புவது ஐயா?
— கட்டுமானப் பொருள் வியாபாரி

இருவரையும் நம்ப வேண்டாம். உங்கள் பழைய லாரியிலிருந்து கடைசியாகக் கழற்றிய கிளட்ச் தட்டு, அதாவது என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைத்துப் பிரிக்கும் தட்டு, எங்காவது மூலையில் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

லைனிங், அதாவது தட்டின் மேலுள்ள உரசும் பட்டை, ஒரே சீராக மெலிந்து, நிறம் மாறாமல் இருந்தால் அது தன் ஆயுளை முழுதாக வாழ்ந்து முடித்த தட்டு. மெருகேற்றியதுபோல் பளபளத்து, ஓரங்கள் கருகி, மாதங்கள் கழிந்தும் தீய்ந்த வாடை போகாமல் இருந்தால் அது அற்பாயுசில் எரிந்து செத்தது. அப்படிப்பட்ட வண்டியில் தட்டு அழுந்திப் பிடிக்கும் என்ஜின் சக்கரமான ஃபிளைவீலின் முகத்தையும் பார்த்திருப்பீர்கள்: தட்டிலிருந்து வெளியே வந்த ரிவெட் தலைகள் வட்டவட்டமாகக் கிழித்த கோடுகள், நடுநடுவே நீலம் பாய்ந்த திட்டுகள், அந்தத் திட்டுகளில் மயிரிழை விரிசல்கள். இரும்பு அப்படி நீலமாக வேண்டுமென்றால் அந்த இடம் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் சூட்டைக் கண்டிருக்க வேண்டும்.

அந்தச் சூடு எப்போது வந்தது என்பதுதான் உங்கள் கேள்விக்குச் சாவி. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அல்ல. தட்டு முழுதாகப் பிடித்துக்கொண்டுவிட்டால் அதுவும் ஃபிளைவீலும் ஒன்றாகவே சுழலும். இடையில் உரசலே கிடையாது. நின்ற வண்டியை நகர்த்தும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில்தான் தட்டு உரசுகிறது, சுடுகிறது, தேய்கிறது. உள்ளங்கைகளை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், புரியும்.

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. சமதரையில், என்ஜின் வேகத்தை ஒரே அளவில் வைத்துக்கொண்டு கிளட்சை விட்டு வண்டியை எடுத்தால், வண்டிக்குக் கிடைக்கும் இயக்க ஆற்றல் எவ்வளவோ அதே அளவு ஆற்றல் கிளட்சில் சூடாகிறது. எந்தக் கம்பெனி வண்டியானாலும் இந்தக் கணக்கு மாறாது. உங்கள் 12 டன் லாரி, முதல் கியரில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம் வரும்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை வண்டியை எடுக்க ஏறத்தாழ 11.6 கிலோஜூல் சூடு. ஒரு கிலோ இரும்பை 25 டிகிரி ஏற்றப் போதுமான சூடு அது. ஓட்டுநர் ‘முதல் கியர் எதற்கு, வெட்டி வேலை’ என்று இரண்டாவது கியரில் எடுக்கிறார். இரண்டு கியர்களுக்கும் இடையிலான விகிதம் 1.7 என்றால், 1.7 மடங்கு வேகத்தில்தான் கிளட்ச் பிடிக்கும். சூடு 1.7 மடங்கு ஆவதில்லை, 1.7 பெருக்கல் 1.7, கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆகிறது. ஏற்றத்தில் எடுத்தால் அதற்கும் மேலே.

ஆகவே வேலை வண்டி வாங்க வருகிறவர்களிடம் ‘ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்’ என்று நான் கேட்பதே இல்லை. ‘சுமையோடு எத்தனை முறை நின்று எடுக்கிறீர்கள்’ என்றுதான் கேட்கிறேன். நெடுஞ்சாலையில் நாள் முழுதும் ஓடும் லாரி சில தடவைகள்தான் நின்று எடுக்கும். உங்கள் லாரி ஒவ்வொரு சந்திலும் நிற்கும், ஒவ்வொரு தளத்திலும் முன்னும் பின்னுமாக ஊரும். கிலோமீட்டர் கணக்கில் சோம்பேறி வண்டி. கிளட்ச் கணக்கில் அதைவிட உழைப்பாளி கிடையாது.

இனி ஆட்டோமேட்டிக்கைப் பாருங்கள். டார்க் கன்வர்ட்டர் உள்ள நிஜமான ஆட்டோமேட்டிக்கைச் சொல்கிறேன். வண்டியை நகர்த்தும் இடத்தில் அதற்கு உரசும் தட்டு இல்லை. என்ஜினோடு சுழலும் ஓர் இறக்கைச் சக்கரம் எண்ணெயை வீசுகிறது. அந்த எண்ணெய் எதிரே கியர்பாக்ஸோடு இணைந்த இறக்கைச் சக்கரத்தைத் தள்ளுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஸ்டேட்டர் என்று மூன்றாவது சக்கரம். திரும்பி வரும் எண்ணெய் என்ஜினுக்கு எதிராக முட்டாமல் அதற்குத் துணையாகப் பாயும்படி திசை திருப்புவது அதன் வேலை. அதனால் வண்டி அசையத் தொடங்கும் கணத்தில் முறுக்கு விசை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. சூடு இங்கேயும் உண்டு. ஆனால் அது எண்ணெயில் ஏறுகிறது. எண்ணெய் கூலருக்குப் போய் ஆறித் திரும்புகிறது. மேனுவலில் சூடு தட்டைத் தின்கிறது, இதில் காற்றோடு போய்விடுகிறது. கூலர் ஒழுங்காக இருக்கும் வரை என்பதைச் சிவப்பு மையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது இயல்பு. 120ஐத் தாண்டி நீண்ட நேரம் நின்றால் எண்ணெய் கெடத் தொடங்கும். கெட்ட எண்ணெயால், கியர் மாற்றுவதற்கென்று உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளும் வால்வுகளும் கெடும். அப்போது வரும் செலவுக்கு முன்னால் நாலைந்து மேனுவல் கிளட்ச் செலவு ஒன்றுமில்லை.

‘சக்தியைப் பாதி தின்றுவிடும்’ என்பது அந்தக் காலத்துப் பேச்சு. மூன்று நான்கு கியர்களோடு, கன்வர்ட்டர் எப்போதும் வழுக்கிக்கொண்டே ஓடிய நாட்களில் டீசல் கூடுதலாகச் செலவானது உண்மை; அப்போதும் பாதியெல்லாம் இல்லை. இப்போது வண்டி வேகம் எடுத்ததும் லாக்-அப் கிளட்ச் விழுந்து கன்வர்ட்டரை இரும்போடு இரும்பாகப் பூட்டிவிடுகிறது. பிறகு வழுக்கல் எங்கே? ‘கார் ஓட்டுகிறவர்களுக்கு’ என்று சொன்ன நண்பரிடம், ஜெனரல் மோட்டார்ஸ் 1939இல் அறிமுகப்படுத்திய ஹைட்ரா-மேட்டிக் கியர்பாக்ஸைச் சில ஆண்டுகளிலேயே அமெரிக்க ராணுவத்தின் எம்5 டாங்கியில் இரண்டிரண்டாகப் பூட்டிப் போருக்கு அனுப்பினார்கள் என்று சொல்லுங்கள். உலகத்திலேயே அதிகம் நின்று நின்று ஓடும் வண்டி குப்பை லாரி. அவசரத்தில் ஒரு விநாடிகூடத் தடுமாறக் கூடாத வண்டி தீயணைப்பு வண்டி. இரண்டிலும் அலிசன் போன்ற கம்பெனிகளின் ஆட்டோமேட்டிக்குகள் பல்லாண்டுகளாக உட்கார்ந்திருக்கின்றன. அந்த வண்டிகளின் சொந்தக்காரர்கள் சொகுசுக்காக வாங்கியவர்கள் அல்லர்.

இன்னொன்று. லாரியை நீங்களே ஓட்டப் போகிறீர்களா, சம்பளத்துக்கு ஆள் வைக்கப் போகிறீர்களா? கடிதத்தில் எழுதவில்லை. நல்ல கை ஒன்றே பிடித்து ஓட்டும் மேனுவல் கிளட்ச் ஆச்சரியப்படும்படி நீடிக்கும். ஆள் மாறிக்கொண்டே இருந்தால், அவர்களில் மோசமானவர் எவரோ அவருடைய காலுக்கு ஏற்ற ஆயுள்தான் அதற்கு. கிளட்ச் பெடல் மேல் பாதத்தைச் சாய்த்து வைத்தபடியே ஓட்டும் ஒருவர் போதும், கிளட்சை விலக்கும் ரிலீஸ் பேரிங் ஊளையிட ஆரம்பித்துவிடும். ஆட்டோமேட்டிக்கில் நல்ல ஓட்டுநருக்கும் கெட்ட ஓட்டுநருக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. நல்லவருக்குப் பெரிய லாபம் இல்லை. கெட்டவரால் வரும் நஷ்டம் சிறுக்கிறது.

உங்கள் வேலைக்கு என் ஓட்டு ஆட்டோமேட்டிக்குக்கு. ஒரு நிபந்தனை: அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த பட்டறை ஒன்று, லாரியை இழுத்துக்கொண்டு போகக்கூடிய தூரத்துக்குள் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே நேரில் போய்ப் பாருங்கள். மேனுவலை எந்த மெக்கானிக்கும் இறக்கி ஏற்றிவிடுவார். ஆட்டோமேட்டிக்குக்கு அதற்கென்று சோதனைக் கருவியும், தூசியில்லாத மேசையும், பழகிய கையும் வேண்டும். அவை கிடைக்காத இடத்தில் இருக்கிறீர்கள் என்றால் மேலே எழுதிய அத்தனையையும் மறந்துவிட்டு மேனுவலை வாங்கி, ஓட்டுநரை முதல் கியரில் எடுக்கச் சொல்லுங்கள்.

வீட்டுச் சாமான்களை இடம் மாற்றிக் கொடுக்கும் லாரி வைத்திருக்கிறேன். ஆட்டோமேட்டிக் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஏற்றத்தில் நெரிசலில் நின்று நின்று போனால் ‘கிளட்ச் அதிகச் சூடு’ என்று எச்சரிக்கை எரிகிறது. ஒரு முறை நகரவே மறுத்துவிட்டது. கிளட்சே இல்லாத வண்டியில் கிளட்ச் எப்படிச் சூடாகும்?
— பெயர் வெளியிட விரும்பாதவர்

உங்கள் வண்டியில் கிளட்ச் இருக்கிறது. பெடல்தான் இல்லை.

நீங்கள் வாங்கியிருப்பது ஏ.எம்.டி. மேனுவல் வண்டியில் இருக்கும் அதே கிளட்ச் தட்டு, அதே பல்சக்கரங்கள். உங்கள் இடது காலும் இடது கையும் செய்த வேலையைக் காற்றழுத்தத்திலோ எண்ணெய் அழுத்தத்திலோ மின்சாரத்திலோ இயங்கும் கருவிகள் செய்கின்றன. எப்போது செய்ய வேண்டும் என்று கம்ப்யூட்டர் முடிவெடுக்கிறது. இரண்டு பெடல்தான் இருப்பதால் விற்பவர்கள் இதையும் ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் விற்றுவிடுகிறார்கள். பொய் என்று சொல்ல முடியாது. முழு உண்மையும் அல்ல. வாங்கும்போது ‘டார்க் கன்வர்ட்டர் இருக்கிறதா, இல்லையா’ என்று ஒரே கேள்வி கேட்டால் போதும். நேராகப் பதில் வராவிட்டால் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ.எம்.டி.யை நான் மட்டமாகப் பேசுவதாக நினைக்க வேண்டாம். நெடுஞ்சாலைக்கு அதைவிடப் பொருத்தமான சாமான் அரிது. வால்வோ தன் ஐ-ஷிஃப்ட்டை 2001இல் கனரக லாரிகளுக்குக் கொண்டுவந்தது. இன்று ஐரோப்பாவில் நெடுந்தூரம் ஓடும் பெரிய லாரிகளில் அந்த வகைதான் கோலோச்சுகிறது. களைப்பில்லாமல், ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் கியரை மாற்றுகிறது. கன்வர்ட்டரின் எடையும் விலையும் இல்லை. அதன் பலவீனம் ஒன்றே ஒன்று, அது உங்கள் வேலையிலேயே வந்து விழுந்திருக்கிறது: அங்குலம் அங்குலமாக ஊர்வது.

ஏற்றத்தில் என்ன செய்கிறீர்கள் என்று இங்கிருந்தே சொல்கிறேன். பிரேக்கை விட்டு, ஆக்சிலரேட்டரை இலேசாக மிதித்து, வண்டி பின்னால் போகாமல் அந்தரத்தில் பிடித்து வைக்கிறீர்கள். மேனுவல் ஓட்டிய காலத்தில் கிளட்சில் பிடித்து வைத்த பழக்கம். அதுதான் வேறு வேஷத்தில் வந்திருக்கிறது. அந்த நேரம் முழுதும் தட்டு உரசிக்கொண்டே இருக்கிறது. வாடை உள்ளே வருவதற்குள் பாதிச் சேதம் முடிந்திருக்கும். நிற்க வேண்டுமென்றால் பிரேக்கில் நில்லுங்கள். முன்வண்டி ஓரடி நகர்ந்தால் நீங்களும் ஓரடி நகராதீர்கள். ஒரு லாரி நீளம் இடம் விடும் வரை பொறுத்து, ஒரே மூச்சில் போய் நில்லுங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும். செங்குத்தான இடத்தில் கையால் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு மாற்றி முதல் கியரிலேயே பூட்டி வையுங்கள்; சில வண்டிகளின் கம்ப்யூட்டர் சுமையைக் குறைத்து மதிப்பிட்டு இரண்டாவதில் எடுக்கப் பார்க்கும். எச்சரிக்கை எரிந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, என்ஜினை ஓடவிட்டு ஆறவிடுங்கள். அணைத்துப் போட்டு எச்சரிக்கையை ஏமாற்றுவது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது.

மலைப்பாதையில் கல் ஏற்றி இறங்குகிறோம். சுமையோடு 16 டன். என் அனுபவத்தில் இறக்கத்தில் மேனுவல் மட்டுமே உயிருக்கு உத்தரவாதம். முதலாளி ஆட்டோமேட்டிக் வாங்குகிறார். வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா, ஐயா?
— மலைப்பாதை லாரி ஓட்டுநர்

சொல்வதற்கு முன் எந்த ஆட்டோமேட்டிக் என்று கேளுங்கள், தம்பி. உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது எல்லா வண்டிக்கும் பொருந்தாது.

6 சதவீதச் சரிவில், அதாவது 100 மீட்டருக்கு 6 மீட்டர் இறங்கும் பாதையில், 16 டன் லாரி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் புவியீர்ப்பு அதற்குத் தரும் சக்தி ஏறத்தாழ 78 கிலோவாட். டயர் உருள்வதும் காற்றும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதையும் யாராவது விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் வேகம் ஏறும். பிரேக்கே விழுங்கட்டும் என்று விட்டால், டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கின் பிடி குறையும், பெடல் ஆழமாக இறங்கும். அதற்குப் பிறகு நடப்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்ஜின் விழுங்க வேண்டும். அதற்குக் கீழ் கியர் வேண்டும். அந்தக் கியர் கடைசி வரை பிடித்த பிடியில் நிற்க வேண்டும். மேனுவலில் இது உங்கள் கையில் இருக்கிறது. அதே மேனுவலில்தான், இறக்கத்தின் நடுவில் கியரைக் குறைக்கப் போய், பல் விழாமல், நியூட்ரலில் மாட்டிக்கொண்டு பள்ளத்தில் போன லாரிகளும் உண்டு. சரிவு தொடங்கும் முன்பே கியரைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று சொல்வது அதனால்தான். ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் அல்லது அதற்கும் கீழே.

ஆட்டோமேட்டிக்கில் மூன்றைப் பாருங்கள். இறக்கத்தில் குறைந்த வேகத்திலும் லாக்-அப் விழுந்தே இருக்கிறதா? பழைய வகைகளில் அது விட்டுவிடும். என்ஜினின் பிடி எண்ணெயில் வழுக்கிப் பலவீனமாகும். இரண்டாவது, நீங்கள் தேர்ந்தெடுத்த கியரை அது மதிக்கிறதா? என்ஜின் சுழற்சி எல்லை மீறினால் என்ஜினைக் காப்பாற்றுவதற்காகத் தானே மேல் கியருக்குப் போய்விடும் வகைகள் உண்டு. சமவெளியில் அது நல்ல எண்ணம். சரிவில் அதுவே யமன். சுழற்சி எல்லையைத் தொடும் முன்பே பிரேக்கை அழுத்தமாக ஒரு முறை போட்டு வேகத்தைக் குறைத்து, காலை எடுத்துவிட வேண்டும். மூன்றாவது, ரிட்டார்டர்: சக்கர பிரேக்கைத் தொடாமலே வண்டியின் வேகத்தை அடக்கும் கருவி. கியர்பாக்ஸோடு சேர்ந்த எண்ணெய் ரிட்டார்டர் இருந்தால் அந்தக் கிலோவாட்டுகளில் பெரும்பகுதியை அது விழுங்கி ரேடியேட்டர் வழியே வெளியே தள்ளிவிடும். உங்கள் பிரேக் குளிர்ச்சியாக இருக்கும். ரிட்டார்டர் உள்ள ஆட்டோமேட்டிக்கையும் அது இல்லாத மேனுவலையும் மலை உச்சியில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் நான் எதில் ஏறுவேன் என்று கேட்கிறீர்களா? முதலாவதில். முதலாளியிடம் ‘ஆட்டோமேட்டிக் வேண்டாம்’ என்று சொல்வதைவிட ‘ரிட்டார்டர் இல்லாமல் வேண்டாம்’ என்று சொல்லுங்கள்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகும் அல்லவா? எங்கள் பழைய ஓட்டுநர்கள் எல்லாரும் செய்வார்கள்.
— சிறு லாரி உரிமையாளர்

ஆகாது. இன்றைய என்ஜினில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் முற்றாக நின்றுவிடும். சக்கரம்தான் என்ஜினைச் சுழற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் என்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடிக்கத்தான் வேண்டும். மேலே உள்ள 78 கிலோவாட்டை இன்னொரு முறை படித்துவிட்டு, உங்கள் ஓட்டுநர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

மண் தோண்டும் தளத்தில் டிப்பர் ஓட்டுகிறோம். மழைக்குப் பின் சேற்றில் மேனுவல் வண்டிகள் சிக்குகின்றன; பக்கத்துத் தளத்தின் ஆட்டோமேட்டிக் டிப்பர்கள் போய்விடுகின்றன. டயர் வேறுபாடா, கியர் வேறுபாடா?
— டிப்பர் ஒப்பந்தக்காரர்

டயரை நான் பார்க்கவில்லை. கியரால் வரும் வேறுபாட்டைச் சொல்கிறேன்.

கிளட்சை மிதித்துக் கியர் மாற்றும் அந்தச் சில கணங்களில் சக்கரத்துக்குச் சக்தியே போவதில்லை. தார்ச்சாலையில் அதை யாரும் உணர்வதில்லை. சேற்றில் அந்த இடைவெளி போதும்: வண்டி வேகத்தை இழந்து அப்படியே உட்கார்ந்துவிடும். ஏ.எம்.டி.யும் இதே இனம்தான். கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக்கில் ஒரு கிளட்ச் தொகுதி விடும்போதே அடுத்தது பிடித்துக்கொள்கிறது, இழுவை அறுவதில்லை. சக்கரம் திடீரென்று வெட்டிச் சுழலாமல் மெல்ல அழுத்தம் ஏறுவதால் சேற்றில் குழி பறிப்பதும் குறைவு. கிளட்சைப் பட்டென்று விட்டுப் பின் அச்சின் பல்லை உடைத்துக்கொள்ளும் ஓட்டுநர்களிடமிருந்து வண்டியையும் அது காப்பாற்றுகிறது. உடைந்த பல் என் மேசைக்கு வரும்போது ‘தானாக உடைந்தது’ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பல்லின் வேரில் உடைந்த முகம் புதிதாகப் பளிச்சென்று இருக்கும். நெடுநாள் விரிசலின் அடையாளம் ஒன்றும் இருக்காது. ஒரே அடியில் போனது என்று அதுவே சொல்லிவிடும்.

மேனுவல்தான் கையில் இருக்கிறது என்றால், சேற்றில் இறங்கும் முன்பே கடைசி வரை தாங்கும் கியரைப் போட்டுவிட்டு நடுவில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். சிக்கிக்கொண்டால் முன்னும் பின்னுமாக ஆட்டி எடுப்பது மேனுவலில் சுலபம். ஆட்டோமேட்டிக்கில் அதே ஆட்டத்தை ஆடினால் எண்ணெய்ச் சூடு கிடுகிடுவென்று ஏறும். சில முறைக்கு மேல் முயலாதீர்கள், இழுத்து எடுக்க வண்டியை வரவழையுங்கள்.

மாற்றி வாங்குவதாக இருந்தால் பி.டி.ஓ.வைப் பற்றி முதலிலேயே பேசிவிடுங்கள். டிப்பர் தூக்கும் பம்பை ஓட்டும் அந்த இணைப்புக்கு எல்லா ஆட்டோமேட்டிக்கிலும் இடம் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. வாங்கிய பிறகு பெட்டியைத் தூக்க வழியில்லாமல் நிற்பதைவிடப் பெரிய அவமானம் டிப்பருக்கு இல்லை.

இடது முழங்காலில் தேய்மானம். நகருக்குள் விநியோக லாரி ஓட்டுகிறேன். கிளட்ச் மிதிக்க முடியவில்லை. ஆட்டோமேட்டிக் தருகிறார்கள். பழைய ஓட்டுநர் நான், மானக்கேடாக இருக்கிறது.
— விநியோக லாரி ஓட்டுநர்

அண்ணா, முழங்காலுக்கு மாற்றுச் சாமான் சுலபமாகக் கிடைக்காது. வாங்கிக்கொள்ளுங்கள். சில நாடுகளில் ஆட்டோமேட்டிக் வண்டியில் தேர்வு எழுதி உரிமம் பெற்றவர்கள் மேனுவலைத் தொடக் கூடாது. மேனுவலில் உரிமம் வாங்கியவருக்கு ஆட்டோமேட்டிக் ஓட்டத் தடையில்லை. உங்கள் வித்தை உங்களோடுதான் இருக்கும்.

முதல் சில நாட்கள் ஒன்றில் மட்டும் கவனம். நிறுத்தப் போகும்போது இடது கால் பழக்கத்தில் கிளட்சைத் தேடி ஓங்கி மிதிக்கும். அங்கே இருப்பது அகலமான பிரேக் பெடல். பின்னால் ஏற்றியிருக்கும் சரக்கு முன்னால் வந்து சேரும். இடது பாதத்தை இருக்கைக்கு அடியில் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டு ஓட்டிப் பழகுங்கள்.

பழைய ஆட்டோமேட்டிக் லாரி ஒன்று மலிவாக வருகிறது. கியர்பாக்ஸைத் திறக்காமல் நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்ள முடியுமா?
— முதல் லாரி வாங்கப் போகிறவர்

பெருமளவு முடியும். ஆனால் போய்ச் சேரும்போது என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால், ஏன் என்று கேட்டுவிட்டு மறுநாள் சொல்லாமல் போங்கள்.

குளிர்ந்த நிலையில் பிரேக்கை மிதித்துக்கொண்டு நியூட்ரலிலிருந்து ஓட்டும் நிலைக்கு மாற்றுங்கள். உடனே பிடிக்க வேண்டும். சில விநாடிகள் யோசித்துவிட்டு ‘டொக்’ என்று விழுந்தால் உள்ளே அழுத்தம் எங்கோ கசிகிறது. ரிவர்ஸிலும் அதேபோல் பாருங்கள். பிறகு சுமையோடு ஓட்டச் சொல்லுங்கள். வெறும் வண்டியில் எந்தக் கியர்பாக்ஸும் நல்ல பிள்ளைதான். ஒரே வேகத்தில் இலேசான ஆக்சிலரேட்டரில் போகும்போது, வரிவரியான மேட்டில் ஏறியதுபோல் ஒரு நடுக்கம் வந்து மறைந்தால் லாக்-அப் கிளட்சில் கோளாறு, அல்லது எண்ணெய் செத்துவிட்டது. மேல் கியருக்கு மாறும்போது என்ஜின் சத்தம் ஒரு கணம் எகிறிவிட்டு இறங்கினால் உள்ளே தட்டுகள் வழுக்குகின்றன.

கடைசியாக எண்ணெய். வண்டியின் கையேடு சொல்லும்படி பாருங்கள். பல வகைகளில் சூடான பிறகு, என்ஜின் ஓடும்போதே அளவுக்கம்பியை எடுக்க வேண்டும். ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் வைத்து உறிஞ்ச விடுங்கள். பல ஆட்டோமேட்டிக் எண்ணெய்கள் புதிதில் சிவப்பு. கொஞ்சம் மங்கியிருப்பது வயது. அதற்குப் பயப்பட வேண்டாம். கரும்பழுப்பாகி, சொட்டின் நடுவில் கறுப்புத் துகள் தங்கி, தீய்ந்த நாற்றம் அடித்தால் தட்டுகள் எரிந்திருக்கின்றன. இளஞ்சிவப்பில் பால் கலந்ததுபோல் கலங்கியிருந்தால் கூலருக்குள் ரேடியேட்டர் தண்ணீர் புகுந்துவிட்டது. அந்த வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் யோசிப்பேன். துளிக்கூடக் கறையில்லாத புத்தம்புது எண்ணெயாக இருந்தால்? எப்போது மாற்றினார்கள், எதற்காக இப்போது மாற்றினார்கள் என்று ரசீதோடு கேளுங்கள்.

ஆட்டோமேட்டிக் லாரி வழியில் நின்றுவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா? கயிறு கட்டி இழுக்கலாமா?
— சரக்கு லாரி உரிமையாளர்

தள்ள முடியாது. கன்வர்ட்டருக்கு எண்ணெயை ஊட்டும் பம்பை ஓட்டுவது என்ஜின். என்ஜின் சுழலாதபோது சக்கரத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. வேறொரு பேட்டரியோடு கம்பி இணைத்து எடுப்பதுதான் வழி.

அதே காரணத்தால், பின்சக்கரம் தரையில் உருள இழுத்துப் போனாலும் கியர்பாக்ஸுக்குள் உயவு எண்ணெய் போகாது. உலர்ந்தபடி சுழன்று பட்டறைக்கு வருவதற்குள் பொசுங்கியிருக்கும். மேனுவல் என்றால் பரவாயில்லை என்று நினைப்பவர்கள் அதிகம். பெரிய லாரிகளின் மேனுவல் பெட்டிக்கும் இதே ஆபத்து உண்டு: கீழே எண்ணெயில் முங்கியிருக்கும் ஷாஃப்ட் சுழன்றால்தான் மேலே உள்ள பேரிங்குகளுக்கு எண்ணெய் தெறிக்கும், இழுக்கும்போது அது சுழலாது. எந்த வகையானாலும், இழுப்பதற்கு முன் பின் அச்சுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிக் கட்டிவிடுங்கள். அதைக் கழற்றும்போது சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்க மறக்காதீர்கள். ஷாஃப்ட் விட்டதும் கியர் வண்டியைப் பிடிக்காது.